ஞாயிறு திரையிடல்: ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ (1955)

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 6.30, மாடி ஹால். பிரிட்டனின் ஹேமர் நிறுவனத்தின் அறிவியல் திகில் படம், இயக்கம் வால் கெஸ்ட், 82 நிமிடம்.

1. 6.25க்குள் உட்காரவும். கருப்பு வெள்ளைப் படம். கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் இரவுக் காட்சிகளில் ஒன்றுமே தெரியாது.

2. முன்கூட்டியே பார்ப்பவர்கள் ‘தி கிரீப்பிங் அன்னோன்’ என்ற அமெரிக்கப் பதிப்பைத் தவிர்க்கவும். அதில் சில நிமிடங்கள் வெட்டு.

3. விண்வெளியிலிருந்து திரும்பி ஜந்துவாக மாறும் வீரராக நடிக்கும் ரிச்சர்ட் வேர்ட்ஸ்வொர்த்தின் முகத்தைக் கவனியுங்கள். மேக்கப் கலைஞர் பில் லீக்கி பூச்சை அப்பவில்லை. விளக்கு மேலிருந்து விழுவதால் கண்குழியும் ஒட்டிய கன்னமும் தானாக இருண்டுவிடுகின்றன. ஏறக்குறைய வசனமே இல்லாமல் படத்தைத் தூக்கி நிறுத்துபவர் இவர்தான்.

4. வெஸ்ட்மின்ஸ்டர் அபே (லண்டன் தேவாலயம்) உச்சக்கட்டம்: லெஸ் போவியின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் குழு கசாப்புக் கடைப் போட்டியையும் (இரைப்பை) ரப்பரையும் வைத்து ஜந்துவைச் செய்து, அபேயின் சிறு மாடலில் படமாக்கியது. ஈரப் பளபளப்பு போட்டியின் உபயம். அசையும்போதுதான் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

5. ஜேம்ஸ் பெர்னார்டின் முதல் திரையிசை. தந்தி வாத்தியமும் தாளமும் மட்டுமே. ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும், டிவி ஒலி போதாது.

6. பிரிட்டனில் அன்று ‘எக்ஸ்’ சான்றிதழ், 16 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை. தலைப்பிலும் (Xperiment) அந்த ‘எக்ஸ்’ஸையே பெரிதாகப் போட்டு விற்றார்கள்! நாமும் சிறு குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளி இரவு 9க்குள் பெயரும் எண்ணிக்கையும் இங்கேயே பதியவும். நாற்காலி கணக்குக்காக. தனிச் செய்தி வேண்டாம்.