புளியமரத்து டீக்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பீடி, சிகரெட் பற்றவைக்கக் கடையின் முன்தூணில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் போன திங்கட்கிழமை அவிழ்த்துவிட்டேன். 1987-இல் கடை திறந்த அன்று அப்பா கட்டினது அது. கயிறு தேயத் தேயப் புதுக் கயிறு மாற்றியிருக்கிறோமே தவிர, அந்த ஆணி ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. விடிகாலை 4 மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்ததும் அடுத்த வேலை அந்தத் தேங்காய்நார்க் கயிற்றின் நுனியில் கங்கு வைப்பதுதான். ராத்திரி கடை அடைக்கிறவரை அது கனிந்துகொண்டே இருக்கும்.

அவிழ்த்த அன்று சாயந்திரமே ஊர் வாட்ஸப் குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. அதில் பாதி சரி, பாதி தப்பு. நேரில் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் இதை எழுதுகிறேன்.

வருகிற 1-ஆம் தேதியிலிருந்து கடைக்குள்ளேயும் முன்பக்கத் தகரக் கொட்டகையிலும் பீடி, சிகரெட் குடிக்க முடியாது. கடையில் விற்கவும் மாட்டேன். இது சரியான செய்தி.

நம் கடையில் டீ போடுகிற மாஸ்டர் 3 மாதமாக ஏன் வரவில்லை என்று கேட்காத ஆளே இல்லை. சம்பளத் தகராறு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். தகராறு எதுவும் கிடையாது. ஆடிச் சாரலில் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பாளையங்கோட்டைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை கட்டு குடிப்பீங்க?” என்று கேட்டார். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒரு பீடியை வாயில் வைத்தவர் இல்லை அவர். “குடிக்கிற பழக்கம் இல்ல சார், டீ போடுதேன்” என்றார். டாக்டர் என் பக்கம் திரும்பி, “கடைக்குள்ள ஆளுங்க குடிப்பாங்களா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பீடிப் புகையால் மட்டும்தான் இப்படி ஆனது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. கரியடுப்புப் புகையும் சேர்ந்திருக்கலாம் என்றார். சரி, அடுப்பை கேஸுக்கு மாற்றிவிட்டேன். மிச்சம் இருப்பது நாம் விடுகிற புகை. சாரல் நேரத்தில் தட்டியை இறக்கிவிட்டால் அந்தக் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் 20 பேர் ஒரே நேரத்தில் நின்றால் எதிரே மாட்டியிருக்கும் காலண்டர் தேதி கண்ணுக்குத் தெரியாது. அதற்குள்தான் அவர் 16 வருடமாக நின்று டீ ஆற்றியிருக்கிறார்.

இது என் சொந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். பொது இடத்தில் புகைக்கத் தடை சொல்லும் சட்டம் 2003-இல் வந்தது. அதற்கான விரிவான விதிகள் 2008 காந்தி ஜெயந்தி அன்று நடைமுறைக்கு வந்தன. டீக்கடையும் அதில் அடக்கம். புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் விட்டால், எத்தனை பேர் குடித்தார்களோ அந்தக் கணக்குக்கு அவரும் கட்ட வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் போர்டு வைக்க வேண்டும். தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதுவும் கொடுக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் அந்தக் கயிறே தப்பு. இத்தனை வருடம் நான் அதைச் செய்யவில்லை. யாவாரம் போய்விடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை.

“அப்போ பெரிய ஓட்டலுக்கு மட்டும் எப்படி?” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 30 பேராவது உட்காருகிற ஓட்டலும் 30 அறையாவது உள்ள லாட்ஜும் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் கடைக்கு அந்த அனுமதி கிடைத்தாலும் நான் கேட்க மாட்டேன். அந்த அறையையும் ஒரு ஆள் போய்த்தானே கூட்டிப் பெருக்க வேண்டும்?

நம் சார்வாள் ஒருவர், பெயர் சொல்ல வேண்டியதில்லை, அப்பா காலத்து வாடிக்கை. “என் காசு, என் நெஞ்சு, குடிக்கதும் குடிக்காததும் என் சுதந்திரம், உமக்கென்ன வே?” என்று கேட்டார். இரண்டு ராத்திரி அதையே யோசித்தேன். சட்டம் படிக்கிற என் அக்கா மகளிடமும் கேட்டேன். 1999-லேயே கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்திருக்கிறது. செங்கோட்டை தாண்டிப் போய் வருகிற நம் லாரி டிரைவர்மாருக்கு அங்கே உள்ள பழக்கம் தெரியும். மும்பை அரசியல்வாதி முரளி தேவ்ரா போட்ட வழக்கில் 2001 நவம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. உயிர் வாழும் உரிமையைச் சொல்கிற அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு புகைக்காதவனுக்கும் உண்டு, அடுத்தவன் புகையால் அவன் ஏன் பாதிக்கப்பட வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்களாம்.

சார்வாள், உங்கள் நெஞ்சு உங்களுடையதுதான். பீடியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் நீங்கள் பத்து நிமிடத்தில் டீ குடித்துவிட்டு எழுந்து போகலாம். புகை பிடிக்காத வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். மாஸ்டர் எங்கே போவார்? பாய்லரை விட்டுவிட்டு அவரால் நகர முடியாது. எனக்குத் தெரிந்து அந்தக் கொட்டகைக்குள் சுதந்திரம் இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

இனி எனக்கு மனசு ஆறாத விஷயம். “பீடி சுற்றி வளர்த்த தாய்க்குப் பிறந்தவன் பீடிக்காரர்களை விரட்டுகிறான், பீடி சுற்றுகிற பொம்பளைகள் வயிற்றில் அடிக்கிறான்” என்று குழுவில் ஒருவர் போட்டார். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என் அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டது.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கத்தில் பீடி சுற்றாத வீட்டை எண்ணிவிடலாம். எங்கள் வீட்டிலும் ராத்திரியே பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள் அம்மா. விடிந்ததும் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்குத்தான் கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பீடியின் தலையை மடக்கியிருக்கிறேன். என் ஸ்கூல் பை, அக்கா கல்யாணத்துப் பட்டுச்சேலை, இந்தக் கடையின் முதல் பாய்லர் எல்லாம் அந்தச் சுளகிலிருந்து வந்தவை. இதை மறந்துவிட்டேன் என்று சொல்லலாமா?

நம் கடையில் ஒரு நாளைக்கு 15 கட்டு பீடி போகும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பொம்பளைகள் சுற்றுகிற பீடி எங்கெங்கோ போகிறது. என் கடையின் 15 கட்டை நம்பி அவர்கள் கூலி இல்லை. அவர்கள் கூலியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் கம்பெனியும் அரசாங்கமும். அந்தப் பேச்சுக்கு யார் கூப்பிட்டாலும் கடையை அடைத்துவிட்டு வருகிறேன். அம்மாவுக்கு இப்போது 71 வயது. புகையிலைத் தூளை இழுத்த அந்த நெஞ்சு இன்னும் ராத்திரியில் இருமுகிறது. வாசித்ததைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்: “நான் வயித்துக்குச் சுத்துனேன். கடைக்குள்ள உக்காந்து குடிங்கன்னா சுத்துனேன்?” அந்தப் பதிவை எழுதியவர் எப்போதும் போலக் கடைக்கு வரலாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவைச் சொன்னதுதான் வலித்தது.

புதன்கிழமை நல்ல மழை. 30 வருடமாக நம் கடையில் பீடி குடிக்கிற அண்ணாச்சி ஒருவர் எதிரே புளியமரத்தடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குடித்து முடித்து, காலால் அணைத்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் அவரைப் போல வந்துகொண்டிருக்கிற எல்லோருக்கும் கும்பிடு. உங்களை நம்பித்தான் இதைத் துணிந்து செய்தேன்.

அப்புறம், 1-ஆம் தேதியிலிருந்து டீ 15 ரூபாய், கடை ராத்திரி 8 மணிக்கு அடைக்கும்.

மாஸ்டர் அன்றைக்கே வேலைக்குத் திரும்புகிறார், காலை நேரம் மட்டும். சாயந்திரத்துக்குப் புதுப் பையன் ஒருவன் வருகிறான். யாருக்கு அரைச் சர்க்கரை, யாருக்கு டிகாஷன் தூக்கலாக, யாருக்கு ஆற்றாமல் கொடுக்க வேண்டும் என்று 43 பேர் பெயரை ஒரு நோட்டில் எழுதி மாஸ்டர் அவனிடம் கொடுத்திருக்கிறார். விட்டுப்போனவர்கள் வந்து சொல்லுங்கள், சேர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் புளியமரத்து டீக்கடைக்காரர்
முக்கூடல் – ஆலங்குளம் சாலை