எங்கள் விக்கெட்டுக்கே நாங்கள் கைதட்டலாமா? சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை,
ஜூன் 2025.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் நிர்வாகத்தினருக்கும், தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் அவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஐ.பி.எல். சீசனில் பதினான்கு ஆட்டங்களில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி, பத்து அணிகளில் பத்தாவது இடம் என்ற கணக்கை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது என்னைவிட உங்களை அதிகம் உறுத்திக்கொண்டிருக்கும் என்றே நம்புகிறேன். கடைசி இடம் வந்துவிட்டதே என்பதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. 2020-இல் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தோம். அடுத்த ஆண்டே கோப்பையோடு வந்தீர்கள், நாங்களும் பழையதை மறந்தோம். என்னை எழுத வைத்தது வேறு. மே 25 அன்று அகமதாபாத்தில் கடைசி ஆட்டம் முடிந்தபின், தன் எதிர்காலம் பற்றி முடிவெடுக்க இன்னும் நான்கைந்து மாதங்கள் இருக்கின்றன, அவசரம் ஏதும் இல்லை என்று தோனி அவர்கள் சொன்னார். அவருக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம்; அப்படிச் சொல்லும் உரிமையை ஐந்து கோப்பைகளால் சம்பாதித்தவர் அவர். ஆனால் அவர் முடிவெடுக்கும் வரை ஒரு அணியே வாசலில் காத்து நிற்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அடுத்த சீசனுக்கு யாரைத் தக்கவைப்பது, யாரை விடுவிப்பது என்ற பட்டியலை எழுத உட்காரும் முன், இந்த அணியில் தோனி அவர்களின் இடம் எது என்பதை முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்த பிறகு, மற்ற இடங்களைப் பழைய பெயரைப் பார்க்காமல் இன்றைய ஆட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள்.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை மாலை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளை முதன்முறையாகச் சேப்பாக்கத்துக்கு அழைத்து வந்தேன். கிண்டியில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, வாலாஜா சாலையில் அந்த மஞ்சள் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தபோது அவள் என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். அவளுடைய இன்னொரு கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. என் தந்தையார் வானொலியில் நேர்முக வர்ணனை கேட்டபடியே பந்துக்குப் பந்து ஸ்கோர் எழுதுவார். தாத்தாவிடமிருந்து பேத்தி கற்றுக்கொண்ட பழக்கம் அது. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ரன் எடுத்தால் அந்த எண், விக்கெட் விழுந்தால் ஒரு பெருக்கல் குறி.

அணித்தலைவர் ருதுராஜின் முழங்கை முறிந்து, தோனி மீண்டும் தலைமையேற்ற முதல் ஆட்டம் அது. கொல்கத்தா அணி நம்மை மட்டை பிடிக்க அனுப்பியது. இருபது ஓவர் முடிவில் ஒன்பது விக்கெட்டுக்கு 103 ரன்கள். சேப்பாக்கத்தில் நம் அணி எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர். என் மகளின் நோட்டில் புள்ளிகளாகவே விழுந்துகொண்டிருந்தன. ஒரு கட்டத்துக்குப் பின் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, விடியற்காலையில் வாசலில் புள்ளி மட்டும் வைத்துவிட்டு இழை இழுக்காமல் யாரோ எழுந்து போய்விட்ட கோலம் போல இருந்தது. எழுபது ரன்களைத் தொட்டதும் அஷ்வின், ஜடேஜா, ஆட்டத்தின் நடுவே மாற்றாக இறக்கப்படும் இம்பாக்ட் வீரராக வந்த ஹூடா என்று அடுத்தடுத்துச் சரிந்தார்கள். ஏழாவது விக்கெட் விழுந்ததும் மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. தோனி இறங்கி வந்துகொண்டிருந்தார், ஒன்பதாவது ஆட்டக்காரராக.

பெருக்கல் குறியைப் போட்டுவிட்டுத் தலை நிமிர்ந்த மகள் என் காதருகில் வந்து கேட்டாள்: "அப்பா, நம்ம ஆள்தானே அவுட் ஆனாரு? எல்லாரும் எதுக்குக் கைதட்டுறாங்க?"

நானும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான்கு பந்துகளில் ஒரு ரன் எடுத்து தோனி வெளியேறியபோது அந்த மைதானத்தில் ஏற்பட்ட அமைதியும், அடுத்து கொல்கத்தா பத்து ஓவர் ஒரு பந்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியதும், பாதியிலேயே காலியான இருக்கைகளும் எனக்குப் பெரிய வேதனையாக இல்லை. தோற்ற ஆட்டங்களை நிறையப் பார்த்தவன் நான். ஒரு பத்து வயதுக் குழந்தைக்குப் புரிந்தது எங்கள் முப்பதாயிரம் பேருக்குப் புரியாமல் போய்விட்டதே என்பதுதான் அன்று வீடு திரும்பும் வரை என்னைக் குடைந்தது. எங்கள் தவறை உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை, கைதட்டியது நாங்கள்தான். ஆனால் ஆட்டத்தின் வெற்றி தோல்வியைவிட ஒருவரின் வருகையே பெரிது என்று பல ஆண்டுகளாக எங்களைப் பழக்கியது எது என்று நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த சீசனில் அவருடைய இடம் எது என்று உங்களுக்கே தெரிந்திருந்ததா என்பது என் ஐயம். மார்ச் 28 அன்று பெங்களூரு அணி 2008-க்குப் பிறகு முதன்முறையாகச் சேப்பாக்கத்தில் நம்மை வென்றது. 197 ரன்களை விரட்டிய அந்த ஆட்டத்தில் அஷ்வினுக்கும் பின்னால், வெற்றி கைநழுவிப் போன பிறகு, ஒன்பதாவதாக வந்தார். பதினாறு பந்துகளில் முப்பது ரன் எடுத்தார்; நாம் ஐம்பது ரன்னில் தோற்றோம். மார்ச் 30 அன்று குவாஹாட்டியில் ஏழாவதாக வந்தார். ஆறு ரன்னில் தோற்றோம். அன்று ஃபிளெமிங் அவர்களே, அவருடைய மூட்டு முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் நின்று ஆட இயலாது என்று நீங்கள் விளக்கினீர்கள். மூட்டு வலியின் கொடுமை தெரிந்த வீட்டிலிருந்து வருபவன் என்பதால் அந்த விளக்கத்தை நான் மனமார ஏற்றுக்கொண்டேன். ஆனால் சரியாக ஆறு நாட்கள் கழித்து, ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக, அவர் பதினோராவது ஓவரிலேயே களத்தில் இருந்தார். இருபத்தாறு பந்துகளில் முப்பது ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், நாம் இருபத்தைந்து ரன்னில் தோற்றோம். இயலாது என்றால் ஏன் அனுப்பினீர்கள்? இயலும் என்றால் முந்தைய இரண்டு ஆட்டங்களில் ஏன் அனுப்பவில்லை?

அவரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அல்ல. ஏப்ரல் 14 அன்று லக்னோவில் பதினொரு பந்துகளில் இருபத்தாறு ரன் எடுத்து, நாற்பத்து மூன்று வயதில் ஆட்ட நாயகன் விருது வாங்கியபோது என் வீட்டில் நள்ளிரவுக்கு மேலும் யாரும் தூங்கவில்லை. ஸ்டம்புகளுக்குப் பின்னால் அவர் கை வேகத்துக்கு இன்றும் ஈடு இல்லை. அத்தகைய ஒருவரை இன்று ஒன்பதாவது, நாளை ஏழாவது என்று இழுத்தடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதைதானா? ஆடுகிறார் என்றால் அவருடைய இடத்தை எங்களிடம் சொல்லுங்கள். ஆடவில்லை என்றால் வழிகாட்டியாக அமர்த்தி, சேப்பாக்கத்தில் முறையாக ஒரு விடை கொடுக்க எங்களுக்கு வாய்ப்புத் தாருங்கள். இரண்டில் எது என்றாலும் ஏற்போம்.

தலைமை விஷயத்திலும் இதே நிலைதான். 2022-இல் ஜடேஜாவிடம் கொடுத்த தலைமை பாதி சீசனிலேயே தோனியிடம் திரும்பியது. 2024-இல் ருதுராஜிடம் கொடுத்தீர்கள். இந்த ஆண்டு அவருக்குக் காயம் பட்டதும் மீண்டும் தோனியிடமே போனது. காயம் யார் கையிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டுகள் இடைவெளி இருந்தும், இன்னொரு தோளை நீங்கள் தயார் செய்து வைக்கவில்லை என்பதும் உண்மைதானே?

அணித் தேர்வுக்கு வருகிறேன். இந்த சீசனின் இருட்டில் விளக்கேற்றியவர்கள் யார் என்று திரும்பிப் பாருங்கள். ஆயுஷ் மாத்ரே, பதினேழு வயது. பெங்களூருவில் நாற்பத்தெட்டுப் பந்துகளில் 94 ரன். டெவால்ட் பிரெவிஸ், ஈடன் கார்டனில் இருபத்தைந்து பந்துகளில் 52. உர்வில் படேல்; அதே ஆட்டத்தில் பதினொரு பந்துகளில் 31. இந்த மூவரில் ஒருவரைக்கூட ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் நீங்கள் எடுக்கவில்லை. ருதுராஜ், குர்ஜப்னீத் சிங், வன்ஷ் பேடி ஆகியோர் ஆட முடியாமல் போனதால் மாற்று வீரர்களாக வந்தவர்கள் அவர்கள். ஒரு காயம் ஏற்பட்டால்தான் நம் அணியின் கதவு இளைஞனுக்குத் திறக்குமா? 2020-லும் இதுவே நடந்தது. இளம் வீரர்களிடம் எதிர்பார்த்த பொறியைக் காணவில்லை என்று அன்று சொல்லப்பட்டது. தகுதிச் சுற்று வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துபோன நிலையில் களமிறங்கிய ருதுராஜ் அடுத்தடுத்து மூன்று அரைசதங்கள் அடித்தார், மறு ஆண்டில் 635 ரன்களோடு, சீசனில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அணிந்தார். அந்தப் பாடத்தை அன்றே படித்திருந்தால், விஜய் சங்கர், திரிபாதி, ஹூடா என்று முந்தைய சீசன்களின் பெயர்களை நம்பி இந்த ஆண்டின் தொடக்க வாரங்களை இழந்திருக்க மாட்டோம். அஷ்வினை 9.75 கோடிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஒன்பது ஆட்டங்களில் ஏழு விக்கெட்டுகளோடு அந்த வருகை முடிந்ததில் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம்.

நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மண்ணின் மைந்தர் என்பதற்காக யாருக்கும் இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை; திறமையைப் பார்த்தாலே போதும். இந்த ஆண்டு 759 ரன்களோடு ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய சாய் சுதர்சன் சென்னைப் பையன், ஆடுவது குஜராத்துக்கு. அதே அணிக்காகப் பத்தொன்பது விக்கெட் எடுத்த சாய் கிஷோர் 2020-லும் 2021-லும் உங்கள் முகாமிலேயே இருந்தார். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனார். இந்த முறை முப்பது லட்சத்துக்கு எடுத்த ஆந்த்ரே சித்தார்த், தகுதிச் சுற்று வாய்ப்பு ஏப்ரல் மாதத்தோடு முடிந்த பிறகும் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். இழக்க எதுவும் மிச்சமில்லாத நான்கு ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்றால், பிறகு எப்போதுதான் கொடுப்பீர்கள்?

ஏலத்தில் எல்லாம் சரியாக அமையவில்லை என்று பயிற்சியாளர் அவர்கள் ஒப்புக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்புதான், அணியின் ஆட்டமுறை காலத்துக்குப் பின்தங்கிவிட்டதா என்ற பொருளில் கேட்கப்பட்ட கேள்வியே புரியவில்லை என்றும், இறுதியில் யார் வெல்கிறார்கள் என்று பாருங்கள் என்றும் சொல்லியிருந்தீர்கள். பார்த்தோம். சேப்பாக்கத்தில் மும்பையை வென்றதோடு சரி. பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பஞ்சாப் என்று ஐந்து அணிகள் வரிசையாக வந்து நம் வீட்டிலேயே நம்மை வென்று சென்றன. ஹைதராபாத்துக்கு அந்த மண்ணில் நமக்கு எதிராக அதுவே முதல் வெற்றி.

இப்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அரங்கு நிறைந்தால் போதும், சட்டை விற்றால் போதும், புள்ளிப் பட்டியலைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை என்கிறார்கள். எந்த ஊர் மைதானத்தையும் மஞ்சளாக மாற்றுகிற இந்தக் கூட்டம் 2018-இல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது ரயிலேறிப் பின்னால் வந்த கூட்டம். நம் அணி ஆட முடியாதிருந்த இரண்டு ஆண்டு தடைக்காலத்தில் வேறு எந்த அணிக்கும் கைதட்டாமல் காத்திருந்த கூட்டம். எங்கள் அன்பு வற்றாது என்ற தைரியத்தில் எங்களை எதையும் பார்க்க வைக்கலாம் என்று நினைத்துவிட்டீர்களா?

சொல் சற்றுத் தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். அந்தத் தேநீர்க் கடைப் பேச்சை நான் நம்பவில்லை. நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணம் கொடுங்கள் என்பதுதான் நான் பணிவோடு கேட்பது.

கேட்பது ஒன்றே. தோனி அவர்களோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய இடத்தை அவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவை ஏலத்துக்கு முன்பே எங்களுக்கும் சொல்லுங்கள். அதன் பிறகு மாத்ரேவையும் பிரெவிஸையும் உர்வில்லையும் இருபத்து நான்கு விக்கெட் எடுத்துத் தனியாளாகப் போராடிய நூர் அகமதுவையும் நடுவில் வைத்து ஓர் அணியைக் கட்டுங்கள். கட்டுகிற அணி அடுத்த ஆண்டும் தோற்கலாம். தோற்றாலும் வந்து உட்காருவோம்.

மகள் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பெங்களூரு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி மாத்ரேயின் 94-ஐயும் பந்துக்குப் பந்து எழுதி வைத்திருக்கிறாள். அவர் ஆட்டமிழந்ததற்குப் பெருக்கல் குறி போட்டபோது அழுதாள். அந்த ஆட்டத்தை நாம் இரண்டு ரன்னில் தோற்றோம்.

இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. தக்கவைக்கும் வீரர்களின் பட்டியல் வெளியாகும் நாளில் அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
2008 முதல் இந்த அணியைத் தன் அணி என்று சொல்லிவரும்
ஒரு ரசிகன்