ஹாதோர்னைச் சிறை வாசலிலிருந்து தொடங்காதீர்கள்: அமெரிக்க இலக்கிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் கல்லூரிகளில் அமெரிக்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அந்தத் தாளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நதானியேல் ஹாதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நம் ஆங்கில இலக்கிய வகுப்புகளுக்கு நெடுநாள் பழக்கமான நாவல். நான் படித்த காலத்தில் பாடம் 'சிறை வாசல்' என்ற முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கியது. அதற்கு முன்னால் 'தி கஸ்டம் ஹவுஸ்' என்று நீளமான ஒரு முன்னுரை இருக்கிறது. தேர்வுக்கு வராது என்று அதைத் தாண்டிவிட்டார்கள். இன்றும் பல வகுப்புகளில் அப்படித்தான் நடக்கிறது என்று மாணவர்கள் சொல்லிக் கேட்கிறேன். சில பதிப்புகளில் அந்தப் பகுதியே இருப்பதில்லை. அதைத் திரும்ப வகுப்புக்குள் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஹாதோர்ன் எதற்காக எழுதினார் என்பதை அவரே வாய்திறந்து சொன்ன இடம் அது. அதை விட்டுவிட்டு, கணவனல்லாதவனோடு கொண்ட உறவுக்குத் தண்டனையாக நாயகி ஹெஸ்டரின் மார்பில் அணியவைத்த 'A' என்ற எழுத்துக்கு என்னென்ன பொருள் என்று பட்டியல் போடவைப்பதில் மாணவருக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

ஹாதோர்ன் 1846 முதல் 1849 வரை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஜனாதிபதியாக விக் கட்சியின் சக்கரி டெய்லர் வந்ததும், ஜனநாயகக் கட்சிக்காரரான ஹாதோர்னுக்கு 1849 ஜூனில் வேலை போயிற்று. அடுத்த மாதம் 31ஆம் தேதி தாய் இறந்தார். அந்தத் துக்கத்துக்கும் பணமுடைக்கும் நடுவில் எழுதிய நாவல்தான் 1850 மார்ச்சில் வெளியானது. முன்னுரையில் சுங்க அலுவலகத்தின் கிழட்டு ஊழியர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். படிக்கச் சுவையானது, அதனாலேயே சேலம் ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுவல்ல. நடுவில் சில பக்கங்கள் தன் முன்னோரைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பக்கங்களைத்தான் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து 1630இல் வந்து இறங்கியவர் வில்லியம் ஹாதோர்ன். போர்வீரர், சட்டமன்ற சபாநாயகர், நீதிபதி, பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவு) திருச்சபையில் பெரிய ஆள். குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர் மேல் அவர் காட்டிய கடுமை குவேக்கர்களின் வரலாற்று நூல்களிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆன் கோல்மன் என்ற குவேக்கர் பெண்ணை வண்டியின் பின்புறத்தில் கட்டி, சேலம், பாஸ்டன், டெடம் ஆகிய ஊர்களின் தெருக்களில் சவுக்கால் அடித்துக்கொண்டே போக உத்தரவிட்டவர் அவர். கூட்டமாகப் பிரார்த்தனை செய்வதற்கு ஒரு பாதிரியார் தேவையில்லை என்று நம்பியதுதான் குவேக்கர்கள் செய்த குற்றம். மத சுதந்திரம் தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள், அதே சுதந்திரத்தைக் கேட்ட இன்னொரு கூட்டத்தைச் சவுக்கால் அடித்தார்கள்.

வில்லியத்தின் மகன் ஜான். இவர் நாவலாசிரியருக்கு எள்ளுத்தாத்தா முறை. 1692இல் சேலத்தில் சூனிய வழக்குகள் கிளம்பியபோது, மார்ச் 1ஆம் தேதி சாரா குட், சாரா ஆஸ்பர்ன், டிட்டுபா என்ற மூன்று பெண்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த விசாரணைப் பதிவுகள் இன்றும் இருக்கின்றன, இணையத்திலேயே படிக்கலாம். தயவுசெய்து ஒரு பக்கமாவது வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். 'எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம்?' என்பதுதான் சாரா குட்டிடம் கேட்ட முதல் கேள்வி. குற்றம் செய்தாயா என்று கேட்கவே இல்லை. செய்துவிட்டாள் என்று முடிவுகட்டிய பிறகு விவரம் கேட்கும் கேள்வி அது. 'யாரோடும் இல்லை' என்கிறாள். சூனியத்தால் வதைபடுவதாகச் சொன்ன பிள்ளைகளைக் காட்டி, 'இந்தப் பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய்?' என்ற கேள்வியும் சற்று நேரத்தில் வருகிறது. அவளுடைய மகள் டோரதிக்கு அப்போது நாலைந்து வயதுதான். அந்தக் குழந்தையையும் விலங்கு பூட்டிச் சிறையில் போட்டார்கள். அந்த வருடம் முடிவதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாதாட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் 1697இல் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தன் பிழையை ஏற்றுக்கொண்டார். ஜான் ஹாதோர்ன் அப்படி எதுவும் செய்ததாகப் பதிவு இல்லை.

வில்லியம், ஜான் என்ற இந்த இரண்டு முன்னோரைப் பற்றித்தான் 'தி கஸ்டம் ஹவுஸ்' முன்னுரையில் ஹாதோர்ன் எழுதுகிறார். அவர்கள் வருந்தி மன்னிப்புக் கேட்டார்களா, இல்லை மறுமையில் இன்னும் அதன் சுமையில் முனகிக்கொண்டிருக்கிறார்களா, தனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் அவர்களுடைய பிரதிநிதியாக அந்த வெட்கத்தைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், அவர்கள் சம்பாதித்த சாபம் ஏதாவது இருந்தால் இத்தோடு அது நீங்கட்டும் என்றும் வேண்டிக்கொள்கிறார். ஒரு நாவலின் முன்னுரையில் எழுத வேண்டிய வரிகளா இவை? ஆனால் இந்த நாவலுக்கு இவை இல்லாமல் முடியாது. பொதுமேடையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாமல் ஏழு வருடம் உள்ளுக்குள் அழுகிய டிம்ஸ்டேல் என்ற பாதிரியாரின் கதையை அடுத்துச் சொல்லப்போகிறார். அதற்கு முன் தன் குடும்பம் செய்யத் தவறிய ஒப்புதலைத் தானே எழுந்து நின்று செய்துவிடுகிறார். டிம்ஸ்டேல் மேடையேறும் கடைசிக் காட்சியைப் பாடம் நடத்தும்போது இதை ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும், மாணவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பக்கங்களில் வெட்கம் மட்டும் இல்லை. ஒருவிதப் பெருமையும் இருக்கிறது. தாடியும் கருப்பு அங்கியும் கூம்புத் தொப்பியும் வாளும் வேதாகமமுமாக வந்த அந்த முதல் முன்னோர் சின்ன வயதிலிருந்தே தன் கற்பனையில் நின்றதாகச் சொல்கிறார். அப்புறம் அந்தப் பெரியவர்கள் தன்னைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறார். 'என்ன செய்கிறான் இவன்? கதைப் புத்தகம் எழுதுகிறானா? அதற்குப் பிடில் வாசித்திருக்கலாமே!' என்று ஒரு முன்னோரின் நிழல் இன்னொன்றிடம் சொல்கிறதாம். அவர்கள் எவ்வளவு இளக்காரமாகப் பேசினாலும், அவர்களுடைய குணத்தின் வலுவான இழைகள் தன் குணத்தோடு பின்னிக்கிடக்கின்றன என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அந்தப் பேச்சை முடிக்கிறார். பியூரிட்டன்களை அவர் வெறுத்தார் என்று ஒரே வரியில் குறிப்பெழுதித் தருவது ஏன் தவறு என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி. பாவம் மனிதனின் எலும்புவரை ஊறியது என்ற அவர்களுடைய நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. தண்டிக்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்ற அவர்களுடைய உறுதியைத்தான் விட்டார். 1850இல் நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் எழுதிய கட்டுரை ஹாதோர்னின் இருட்டுக்கு வேர் பியூரிட்டன்கள் பின்பற்றிய கால்வினியப் பாவ உணர்வில் இருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தது.

இன்னொரு விஷயம். இளைஞராக இருந்தபோது குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார் என்பது உண்மை. நீதிபதி ஜானின் உறவை மறைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று தேர்வுக் குறிப்புகள் அடித்துச் சொல்கின்றன. காரணத்தை அவர் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. உறவை மறைக்க நினைத்தவர் அதை நாவலின் முன்னுரையிலேயே அச்சடித்து ஊருக்குச் சொல்லியிருப்பாரா? இந்தக் குறிப்பை நிச்சயமான செய்தியாகச் சொல்லித்தராதீர்கள்.

சிறுகதைகளுக்கு வருகிறேன். கல்லூரி முடித்து 1825இல் சேலத்துக்குத் திரும்பியவர் ஹெர்பர்ட் தெருவிலிருந்த தாய்வீட்டு மாடியறையில் பன்னிரண்டு வருடம்போலப் படித்தும் எழுதியும் கழித்தார். சேலம் நூலகத்திலிருந்து நியூ இங்கிலாந்து வரலாறுகளை வாங்கி வாங்கிப் படித்த காலம் அது. அப்போது எழுதியதுதான் 1835இல் வந்த 'யங் குட்மேன் பிரவுன்'. காட்டில் பிரவுனைச் சந்திக்கும் சாத்தான் சொல்கிறான்: உன் பாட்டன் அந்தக் குவேக்கர் பெண்ணைச் சேலம் தெருக்களில் சவுக்கால் அடித்தபோது நான்தான் உதவினேன், உன் அப்பன் செவ்விந்தியர் கிராமத்துக்குத் தீ வைத்தபோது கொள்ளிக்கட்டை கொடுத்ததும் நான்தான். வில்லியத்தின் கதை தெரியாமல் இதைப் படிக்கும் மாணவருக்கு இது சாத்தானின் சாதாரணப் பேச்சு. தெரிந்து படிப்பவருக்கு, எழுத்தாளர் தன் வீட்டு ரகசியத்தைச் சாத்தானின் வாயில் வைத்துச் சொல்கிறார் என்பது புரியும்.

இதே கதையில் எனக்கு இன்றும் உறுத்துகிற ஒன்று உண்டு. காட்டில் நடக்கும் சாத்தானின் கூட்டத்தில் பிரவுன் பார்க்கிற பெண்களுக்கு மார்த்தா கேரியர், குடி ('திருமதி' போன்ற அக்கால அடைமொழி) க்ளாய்ஸ் என்று பெயர். மார்த்தா கேரியர் 1692 ஆகஸ்ட் 19ஆம் தேதி தூக்கிலிடப்பட்டவர். சாரா க்ளாய்ஸ் சிறையில் கிடந்தவர். அவருடைய அக்கா ரெபெக்கா நர்ஸைத் தூக்கிலிட்டார்கள். குற்றமற்ற அந்தப் பெண்களை, அவர்களை விசாரித்தவரின் வழிவந்தவர், மறுபடி சூனியக்காரிகளாகக் கூட்டத்தில் நிறுத்துகிறாரே என்று முதலில் கோபம் வரும். வர வேண்டும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் பிரவுன் பார்த்ததெல்லாம் உருவங்கள். அவை அந்த மனிதர்கள்தானா, கனவா, சாத்தான் காட்டிய மாயமா என்று கதை சொல்வதே இல்லை. 1692இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சியமும் இதுதான்: 'அவளுடைய உருவம் என் அறைக்கு வந்து என்னைக் கிள்ளியது' என்று பிள்ளைகள் சொன்னதை நம்பித்தான் மனிதர்களைத் தூக்கிலிட்டார்கள். பிரவுன் உருவத்தை நம்பினான், ஊரையே வெறுத்தான், மனைவியின் அணைப்பில்கூட நடுங்கினான், கடைசியில் இருண்ட மனதோடு செத்தான். பிரவுன் பார்த்ததை அப்படியே நம்பிவிடுகிற வாசகரும் ஜான் ஹாதோர்ன் செய்த பிழையைத்தான் செய்கிறார். தன் குடும்பத்துப் பெரும்பிழை எப்படி நடந்தது என்பதை வாசகரின் தலைக்குள்ளேயே நடத்திக் காட்டிய கதை இது. உங்களால் ஒரே ஒரு சிறுகதைதான் பாடத்தில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' நாவலை முழுதாக வைக்க நேரமிருக்காது. ஆனால் சாரா குட் தூக்குமேடையில் பாதிரியார் நிக்கலஸ் நோய்ஸைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லிவிடுங்கள்: 'நீ சூனியக்காரன் என்றால்தான் நானும் சூனியக்காரி. என் உயிரை எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்.' அந்த நாவலில் இதே சாபத்தைத் தூக்குமேடையில் நின்று மேத்யூ மால் சொல்கிறார், தன் நிலத்தைப் பறிக்க நினைத்த கர்னல் பிஞ்ச்சனுக்கு. ஒரு தலைமுறை செய்த தவறு அடுத்தடுத்த தலைமுறைகளிலும் உயிரோடிருக்கும் என்று அந்த நாவலின் முன்னுரையில் ஹாதோர்ன் எழுதியிருக்கிறார்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நியாயமாகாது. 1852இல் ஹாதோர்ன் தன் கல்லூரி நண்பர் பிராங்க்ளின் பியர்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தேர்தலுக்காக எழுதிக் கொடுத்தார். அதில் அடிமைமுறையைப் பற்றிப் பேசும்போது, அது மனித முயற்சியால் தீரக்கூடிய தீமையல்ல, கடவுள் தன் காலத்தில் அதைக் கனவுபோல மறையச் செய்வார் என்று எழுதினார். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டம் அப்போதுதான் இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தது. பியர்ஸ் ஜனாதிபதி ஆனார். ஹாதோர்னுக்கு லிவர்பூலில் தூதரகப் பதவி கிடைத்தது. ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முந்தைய சவுக்கடிக்காக வெட்கப்பட்டவர், தன் கண்முன் நடந்த சவுக்கடியைக் கடவுளிடம் விட்டுவிட்டார். உள்நாட்டுப் போரின் நடுவே 1862இல் எழுதிய கட்டுரையில், பியூரிட்டன்களைக் கொண்டுவந்த மேஃப்ளவர் கப்பலே இன்னொரு பயணத்தில் அடிமைகளையும் கொண்டுவந்து இறக்கியது என்று எழுதினார். அந்தக் கப்பல் செய்தி வரலாற்றில் நிற்காது. ஆனால் அந்த இரண்டு வரலாறுகளும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவர் விலகி நின்றார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. இதையும் வகுப்பில் பேசுங்கள். முன்னோரின் பாவத்துக்கு வெட்கப்படுவது எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்று மாணவர்கள் விவாதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நான் கேட்பது அதிகமில்லை. 'தி கஸ்டம் ஹவுஸ்' முழுவதும் வேண்டாம். முன்னோர் பற்றிய பக்கங்களும், மாடியறையில் சிவப்புத் துணி எழுத்து கிடைத்ததாக அவர் கற்பனை செய்யும் பகுதியும் போதும். கூடவே 1849இல் வந்த 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற சிறிய ஆக்கத்திலிருந்து ஒரு பத்தி வையுங்கள். ஆன் கோல்மனை வண்டியில் கட்டி அடிக்கும் காட்சி அதில்தான் இருக்கிறது. சேலத்தில் பத்து, பாஸ்டனில் பத்து, டெடமில் பத்து என்று அடிகளை ஊர் ஊராக எண்ணியிருக்கிறார். உத்தரவு மேஜர் ஹாதோர்னுடையது என்று பெயரையும் போட்டிருக்கிறார். இவை எல்லாமே பதிப்புரிமை முடிந்தவை, நகலெடுத்துக் கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை. தேர்வில், எழுத்தின் குறியீட்டை விளக்குக என்ற வழக்கமான கேள்விக்கு மாற்றாக ஒரு கேள்வியாவது இந்தப் பக்கங்களிலிருந்து கேளுங்கள். கேள்வித்தாளில் வராத எதையும் நம் மாணவர்கள் படிக்க முடியாத நிலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடும்போது இதை எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்பறையில் ஹாதோர்னைப் படித்த ஒரு வாசகர்