வரைவைப் படித்தேன், மாலு

அன்புள்ள மாலு,

உன் மின்னஞ்சலும், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைப்பதற்கான உங்கள் கொள்கை வரைவும் கிடைத்தன. துறைத்தலைவர் ஆன சேதியைக் கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். உன் குணம் மாறவே இல்லை. வாழ்த்துகள். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். ரெப்பாசிட்டரி வேலையை, அதாவது ஆசிரியர்களின் கட்டுரைகளைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் களஞ்சியத்தை, என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். நூலகத்தில் ஒருவரும் முன்வரவில்லை. ஏன் என்பது இந்தக் கடிதம் முடிவதற்குள் உனக்கே தெரிந்துவிடும்.

வரைவுக்கு வருகிறேன். முன்னுரை பிரமாதம். அறிவு எல்லோருக்கும் பொது, அதை வலியுறுத்திய 2002 புடாபெஸ்ட் அறிக்கை, 2003 பெர்லின் பிரகடனம் என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் கொள்கை என்று சொல்லத்தக்கது மொத்தத்தில் ஒரே வாக்கியம்தான்: 'ஆசிரியர்கள் தங்கள் ஆய்வுக் கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்க ஊக்குவிக்கப்படுகிறார்கள்.' ஊக்குவித்தால் யாரும் சேர்க்கமாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே, நீயே சேர்க்கமாட்டாய். சோம்பல் என்று சொல்ல வரவில்லை. வகுப்பு, விடைத்தாள், ஆய்வு மாணவர்கள், துறைக் கூட்டம் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் ஏற்கெனவே வெளிவந்துவிட்ட கட்டுரைக்காக யார் மறுபடி உட்காருவார்கள்? அடுத்த கட்டுரை காத்துக்கொண்டிருக்கும்.

பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் 2007ல் ஒரு காரியம் செய்தது. அப்போது ரெக்டராக, அதாவது பல்கலைக்கழகத் தலைவராக, இருந்த பெர்னார் ரெந்தியே உன்னைப் போல உயிரியல்காரர், வைரஸ் ஆய்வாளர். பதவி உயர்வுக்கோ பணி மதிப்பீட்டுக்கோ ஒருவர் விண்ணப்பித்தால், பல்கலைக்கழகக் களஞ்சியமான 'ஆர்பி'யில் சேர்த்த கட்டுரைகள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதி வைத்தார்கள். தண்டனை எதுவும் கிடையாது. இல்லாத கட்டுரை இல்லாததுதான், அவ்வளவே. பிறகு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. உங்கள் வரைவில் இது வராவிட்டால் மற்றதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பேன்.

இன்னொன்று உரிமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உன் குழுவில் சட்டம் படித்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்பகம் ஒரு படிவம் அனுப்பும். நாமும் மகிழ்ச்சியில் படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். பெரும்பாலும் அந்தக் கையெழுத்தோடு பதிப்புரிமை முழுவதும் அவர்களுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு களஞ்சியத்தில் போடலாமா, எந்தப் படியைப் போடலாம், எத்தனை மாதம் கழித்து என்பதையெல்லாம் அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். தனி ஆளாகப் பதிப்பகத்தோடு பேரம் பேச ஓர் இளம் விரிவுரையாளரால் முடியுமா? கட்டுரை வந்தால் போதும் என்றுதான் நினைப்பார்.

ஹார்வர்டில் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2008 பிப்ரவரியில் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். வரைந்தவர் ஸ்டூவர்ட் ஷீபர் என்ற கணினி அறிவியல் பேராசிரியர். இனி எழுதும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும், அதை வெளியிட்டுப் பரப்பும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம் என்பது அதன் சாரம். பதிப்புரிமை எழுதியவரிடமேதான் இருக்கும். பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது தனியுரிமையும் அல்ல, லாபத்துக்கு விற்கும் உரிமையும் அல்ல. சூட்சுமம் 'முன்கூட்டியே' என்பதில் இருக்கிறது. பதிப்பகத்தின் படிவம் வருவதற்கு முன்பே இந்த உரிமம் இருப்பதால், பிறகு போடும் கையெழுத்து அதை அழிக்காது. ஏதாவது ஒரு கட்டுரைக்கு வேண்டாம் என்று ஆசிரியர் நினைத்தால் விலக்குக் கேட்கலாம், கேட்டால் கிடைத்துவிடும். எம்.ஐ.டி. அடுத்த ஆண்டே அதே வழியில் போனது. எடின்பரோ பல்கலைக்கழகமும் 2022 ஜனவரியிலிருந்து ஏறத்தாழ இப்படித்தான்.

உங்கள் மூத்த பேராசிரியர் ஒருவர் 'எங்கே வெளியிடுவது என்பது என் சுதந்திரம்' என்று குரல் உயர்த்தினார் என்றாயே, அவருக்கான பதில் அந்த விலக்கிலேயே இருக்கிறது. எந்த இதழுக்கு வேண்டுமானாலும் அனுப்பட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. ஹார்வர்டில் இதை நிர்வாகம் சுற்றறிக்கையாக அனுப்பவில்லை, ஆசிரியர்களே வாக்களித்து எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் அவரிடம் சொல். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மேலிருந்து வந்தால் அவர் அதன் தலைப்பைக்கூடப் படிக்கமாட்டார்.

இப்போது என் மேசைக்கு வா. போன மாதம் வரலாற்றுத் துறைக்காரர் ஒருவர், பாவம், நல்ல மனிதர், தன் கட்டுரையைக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று தானாகவே வந்தார். இதழில் அச்சான பி.டி.எஃப்.பைக் கொடுத்தார். அது பதிப்பகம் பக்கம் வடிவமைத்த படி, போட முடியாது. மதிப்பாய்வு முடிந்து திருத்தி, ஏற்கப்பட்ட பிறகு நீங்கள் அனுப்பிய வேர்டு கோப்பு வேண்டும் என்றேன். தேடினார். 'இறுதி', 'இறுதி_புதிது', 'இறுதி_திருத்தியது_இதுதான்' என்று மூன்று கோப்புகள். எது ஏற்கப்பட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் பழைய மின்னஞ்சலில் இணைப்பாகக் கிடைத்தது. திறந்தால் ஓரமெல்லாம் சிவப்பு. சக ஆசிரியர் எழுதிய குறிப்புகள் அப்படியே இருந்தன. ஒன்றில், 'இந்த மதிப்பாய்வாளருக்கு வேறு வேலை இல்லையா?' மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் நீக்கி, இதழின் விதியைப் பார்த்தால் வெளிவந்து 12 மாதம் கழித்தே திறக்கலாம் என்றிருந்தது. ஒரே கட்டுரைக்கு ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. இந்த வேலையை யாரும் ஏன் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

அதனால்தான் சொல்கிறேன், 'ஏற்கப்பட்ட அன்றே சேர்க்க வேண்டும்' என்று வரைவில் எழுதுங்கள். அன்றைக்குக் கோப்பு கையில் இருக்கும், எது கடைசிப் படி என்பதும் நினைவிருக்கும். பதிப்பகத்தின் தடைக்காலம் உள்ள கட்டுரையானால் கோப்பு பூட்டியே இருக்கட்டும். தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியட்டும். படிக்க விரும்புகிறவர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியருக்குக் கோரிக்கை போகும், அவர் விரும்பினால் அனுப்புவார். களஞ்சிய மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. கூடவே, இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமியுங்கள். ஆள் இல்லாத கொள்கையை நிறையப் பார்த்துவிட்டேன்.

கட்டுரையைத் திறந்து வைக்க இதழ்கள் எழுதியவரிடம் வாங்கும் கட்டணத்துக்கு நிதி ஒதுக்குவது பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு உடன்பாடில்லை. நேச்சர் இதழ் 2020 இறுதியில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று அறிவித்தது நினைவிருக்கும். எல்லா இதழும் அவ்வளவு கேட்பதில்லை, ஆனால் வழி அதுதான். நிதி பெரிய ஆய்வகங்களுக்குப் போகும், தத்துவத் துறையும் மொழித் துறைகளும் வாசலில் நிற்கும். படிப்பதற்குக் கட்ட முடியாதவர்களுக்காகத் தொடங்கியது, எழுதுவதற்குக் கட்ட முடியாதவர்களை வெளியே தள்ளுவதில் போய் முடியும். இயற்பியல்காரர்கள் 1991லிருந்து ஆர்கைவ் (arXiv) என்ற பொதுக் களஞ்சியத்தில் பைசா செலவில்லாமல் கட்டுரைகளைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். படிப்பவரிடமும் வாங்காமல் எழுதுபவரிடமும் வாங்காமல் கல்வி நிறுவனங்களே நடத்தும் இதழ்கள் நிறைய உண்டு. அவற்றுக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவேன்.

போலி இதழ்கள் பெருகிவிடும் என்ற பயத்தையும் எழுதியிருந்தாய். பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்தக் கவலைக்கும் களஞ்சியத்துக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சேர்க்கப்போவது நல்ல இதழ் மதிப்பாய்வு செய்து ஏற்ற கட்டுரையை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது.

உன் துறைக்கே உரிய ஒன்று சொல்லவா? தரவுகளையும் திறக்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறீர்கள். அழிவின் விளிம்பில் உள்ள ஆர்க்கிடுகள் எங்கே வளர்கின்றன என்ற துல்லியமான இடக்குறிப்பைத் திறந்துவிட்டால் முதலில் படிப்பவர் அவற்றைப் பிடுங்கி விற்பவராக இருக்கலாம். அரிய இனங்களுக்கு இடக்குறிப்பைத் துல்லியம் குறைத்துக் கொடுப்பது உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். அதற்கு விலக்கு எழுதிவிடு. புத்தகங்களையும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு ராயல்டி உண்டு, சண்டை வரும். முனைவர் பட்ட ஆய்வேடு தனிக் கதை: காப்புரிமைக்கு (பேடன்ட்) விண்ணப்பிக்கவோ புத்தகமாக்கவோ நினைக்கும் மாணவர் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

கட்டுரையை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் எது என்பதில் எனக்கே இன்னும் முடிவில்லை. பெயர் குறிப்பிட்டால் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்பது அறிவியலுக்குப் பொருந்துகிறது. இலக்கியத் துறை நண்பர்கள் தங்கள் கட்டுரையை யாரோ கேட்காமல் மொழிபெயர்த்து விற்பதை நினைத்தே பதறுகிறார்கள். பதறுவது நியாயம்தான் என்று படுகிறது. துறைவாரியாகத் தேர்வு கொடுங்கள்.

திருத்திய வரைவைக் குழுவுக்கு அனுப்புமுன் எனக்கு அனுப்பு. உரிமத்தைப் பற்றிய பத்தியை மட்டும் நான் எழுதித் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? களப்பணிக்கு இன்னும் நீயே மலையேறுகிறாயா, மாணவர்களை அனுப்புகிறாயா? அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது, கொள்கை பிறகு.

அன்புடன்,
சாந்தி