ஸ்வானும் ஸ்டால்வொர்த்தும்: பிரித்து எண்ணக்கூடாத இருவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரின் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் காற்பந்தில் பந்தைப் பிடிப்பதற்கென்றே நிற்கும் ‘ரிசீவர்’ ஆட்டக்காரர்களை, அவர்கள் தம் ஆட்டக் காலம் முழுவதிலும் பந்தைப் பிடித்து முன்னேறிச் சேர்த்த தூரத்தின் கெஜக் கணக்கின்படி வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தீர்கள். நம் தமிழ் நாளேடுகளில் அந்த ஆட்டத்துக்கு இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பட்டியலின் அடியில், 1970களில் ஆடியவர்கள் பெயரளவில்தான் பெரியவர்கள், கணக்கெடுத்தால் இன்றைய ஆட்டக்காரர்களின் அருகில்கூட வரமாட்டார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. என் பேரன் அந்தப் பக்கத்தை எடுத்துவந்து, “தாத்தா, எப்பப் பாத்தாலும் அந்த ரெண்டு பேரப் பத்தியே சொல்வீங்களே, லிஸ்ட்டுல ஆளையே காணோமே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்துத் தங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த இருவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குழுவின் லின் ஸ்வானும் ஜான் ஸ்டால்வொர்த்தும். 88ஆம் எண் சட்டை ஸ்வானுடையது, 82 ஸ்டால்வொர்த்துடையது. ஸ்வான் மொத்தம் 336 பந்துகளைப் பிடித்து 5,462 கெஜம் சேர்த்தார். ஸ்டால்வொர்த் 537 பிடித்து 8,723 கெஜம் சேர்த்தார். தங்கள் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் ஜெர்ரி ரைஸின் கணக்கு 22,895 கெஜம். இவர்கள் இருவரையும் கூட்டினாலும் 14,185தான் வருகிறது. கூட்டலில் பிழையில்லை, ரைஸின் பெருமையிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதைக் கூட்டுகிறோம் என்பதில்தான் என் வழக்கு.

பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு இவர்கள் எப்படி அறிமுகமானார்கள் என்று வாசகர்கள் வியக்கலாம். பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் இருந்த ஓர் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் நான் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். 1980களின் தொடக்கத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறியாளராக வந்தவர் பிட்ஸ்பர்க் பக்கத்துக்காரர். எஃகு ஆலைத் தொழிலாளியின் மகன். தஞ்சோங் பூங்காவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில், ஊரிலிருந்தே கொண்டுவந்த டிவியும் வீடியோ டெக்கும் இருந்தன. அமெரிக்க முறையில் பதிவான கேசட்டை நம் ஊர் டிவியில் போட்டால் படம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும், நிறமும் வராது. ஆகவே தம் பெட்டியைத் தூக்கிவருவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பெட்டிக்கோ 110 வோல்ட் மின்சாரம் தேவை. 240ஐ 110ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அம்மிக்கல் கனத்தில், மேசைக்கடியில் உறுமிக்கொண்டு கிடந்தது. ஒரு சனிக்கிழமை அது புகைந்துபோக, சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க அவர் போட்ட கேசட்டில்தான் ஸ்வானை முதன்முதலாகப் பார்த்தேன்.

அது 1976 ஜனவரியில் மயாமி நகரில் டாலஸ் கௌபாய்ஸ் குழுவுடன் நடந்த பத்தாவது சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் வாகையரைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டத்தின் ஒரு பகுதி. இரண்டு வாரத்துக்கு முன்னர் ஓக்லந்து குழுவுடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த ஸ்வான், ஆடுவாரா மாட்டாரா என்பதே சந்தேகமாக இருந்த நிலையில் களமிறங்கியிருந்தார். இரண்டாவது கால்பகுதியில், ஸ்டீலர்ஸ் குழுவில் பந்தை எறியும் ஆட்டக்காரரான டெரி பிராட்ஷா நெடுந்தூரம் எறிந்த பந்துக்கு ஸ்வானும், அவரைத் தடுக்க வந்த மார்க் வாஷிங்டனும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். பந்து விரலில் பட்டு நழுவியது. இருவரும் பின்னிக்கொண்டு கீழே விழுகிறார்கள். பந்து இன்னும் காற்றிலேயே இருக்கிறது. ஸ்வானின் உடல் கிடைமட்டமாகிவிட்டது, கண் மட்டும் பந்தை விடவில்லை. தரையைத் தொடும் கணத்தில் பந்து அவர் கைக்குள் வந்துவிட்டது. 53 கெஜம். பொறியாளர் டெக்கைப் பின்னோக்கி ஓட்டி ஓட்டி அதையே ஆறேழு தடவை போட்டுக் காட்டினார். ஸ்வான் சிறு வயதில் பாலே நடனம் கற்றவர் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பரதம் கற்ற பையன்களை நம் பள்ளிக்கூடங்களில் எப்படியெல்லாம் கேலி செய்தோம் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகமே நினைவில் வைத்திருக்கும் அந்தப் பிடியால் ஸ்டீலர்ஸ் குழுவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அதைத் தொடர்ந்து உதைத்த கோல் முயற்சி தவறிப்போனது. ஆட்டத்தை வென்று கொடுத்தது கடைசிக் கட்டத்தில் ஸ்வான் பிடித்து ஓடிய 64 கெஜ டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது); அந்தப் பந்தை எறிந்த மாத்திரத்தில் பலமாக மோதப்பட்டு நிலைகுலைந்த பிராட்ஷா, அது டச்டவுன் ஆனதை உடைமாற்றும் அறையில்தான் அறிந்தார். ஸ்கோர் 21-17. அன்று ஸ்வான் பிடித்தது மொத்தமே நான்கு பந்துகள், 161 கெஜம். சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒரு ரிசீவருக்குக் கிடைத்தது அதுவே முதல்முறை. நான்கே பந்து என்று தங்கள் பட்டியல்காரர் உதட்டைப் பிதுக்குவார். அன்று பிராட்ஷா வெற்றிகரமாக எறிந்து சேர்த்ததே ஒன்பது பந்துகள்தான் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஆட்டமே வேறு. பந்து எறியப்படும்வரை தடுப்பாளர்கள் ரிசீவரை வழியில் முட்டலாம், தள்ளலாம். தொடக்கக் கோட்டிலிருந்து ஐந்து கெஜத்துக்கு அப்பால் அப்படித் தொடக்கூடாது என்ற விதி 1978இல்தான் வந்தது. அந்த விதிக்கு மக்கள் வைத்த பெயர் மெல் பிளவுன்ட் விதி. தடுப்பாளரான பிளவுன்ட் ஸ்டீலர்ஸ் குழுவைச் சேர்ந்தவரே; மற்றக் குழுவினர் ஆண்டுக்கு ஓரிரு முறை அவரிடம் அடிவாங்கினார்கள் என்றால், ஸ்வானும் ஸ்டால்வொர்த்தும் தினசரிப் பயிற்சியில் அவரைத் தாண்டித்தான் ஓட வேண்டியிருந்தது. 1977 வரை ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள், இப்போது 17. போதாக்குறைக்குப் பயிற்றுநர் சக் நோல், பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுவதையே முதலில் நம்பியவர். 1975 ஜனவரியில் அவர்கள் வென்ற முதல் சூப்பர் பௌலில் ஃபிராங்கோ ஹாரிஸ் ஒருவரே 34 தடவை பந்தைச் சுமந்து ஓடினார். பிராட்ஷா எறிந்ததோ 14 தடவை. ஸ்வானுக்கு அன்று ஒரு பந்தும் வரவில்லை. அதனால் அவர் சும்மா நின்றார் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் ஓடும் பக்கத்துக்கு எதிரணியின் ஆட்கள் நகர்ந்தாக வேண்டும். நகர்ந்தால் ஹாரிஸுக்கு வழி கிடைக்கும், ஸ்டால்வொர்த்துக்கு இடம் கிடைக்கும். இந்தக் காரியத்தைக் குறித்துவைக்க எந்தக் கணக்கேட்டிலும் பத்தி கிடையாது.

நான் சொல்ல வருவதும் அதுதான். இவ்விருவரையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி எண்ணுவதே தவறு. 1979 ஜனவரியில் மீண்டும் டாலஸ் குழுவோடு மோதியபோது முதல் பாதியிலேயே ஸ்டால்வொர்த் இரண்டு டச்டவுன் போட்டார். அவற்றில் ஒன்று 75 கெஜம். அவர்மேல் கண் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசிக் கால்பகுதியில் ஸ்வான் ஒன்று போட்டுக் காட்டினார். 35-31 என்று வென்றார்கள். அடுத்த ஆண்டு பாசடீனாவில், லட்சம் பேருக்கு மேல் கூடிய அரங்கில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக நடந்தது இன்னும் அழுத்தமான சாட்சி. ஸ்வான் 47 கெஜ டச்டவுன் ஒன்றைப் போட்டுவிட்டு, மூன்றாவது கால்பகுதியிலேயே அடிபட்டு வெளியேறினார். ராம்ஸ் 19-17 என்று முன்னணியில் இருந்தது. இனி ஸ்டால்வொர்த் ஒருவரை அடக்கினால் போதும் என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பயிற்சியில் சரிவரவே இல்லை என்று பின்னாளில் அவர்களே சொன்ன ஒரு உத்தியை அப்போது எடுத்தார்கள். குறுகிய தூரத்தில் திரும்பி நிற்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு நேராக ஓடுவது. ராட் பெர்ரி என்ற தடுப்பாளர் எம்பிய கை பந்தைத் தொட விரல் கனம்தான் மிச்சம்; ஸ்டால்வொர்த் திரும்பிப் பார்க்காமல், முகத்தை அண்ணாந்து, தோளுக்கு மேலாக வந்த பந்தைக் கைக்குள் வாங்கிக்கொண்டு ஓடினார். 73 கெஜம். எங்கள் பொறியாளர் நாற்காலியைவிட்டு எழுந்து, அந்தக் குழுவின் ரசிகர்கள் சுழற்றும் மஞ்சள் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். தைப்பூசத்துக்கு மஞ்சள் உடுத்தும் எனக்கு அது அந்நியமாகப் படவில்லை.

எல்லாரும் ஸ்வானையே பாடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஸ்டால்வொர்த்துக்குத்தான் ஒரு மாற்று அதிகம் என்பேன். ஸ்வான் 1982ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டார். முழங்காலிலும் கணுக்காலிலும் காயங்களோடு 1987 வரை ஆடியவர் ஸ்டால்வொர்த். பிராட்ஷாவும் போய்விட்ட பிறகு, 1984இல், 1,395 கெஜம் சேர்த்தார். இப்படிச் சொல்லும்போதே நானும் அவர்களைப் பிரித்துப் பேசுகிறேன் என்பதை உணர்கிறேன். அந்தப் பழக்கம் யாரைத்தான் விட்டது!

பத்திரிகை ஆசிரியரான தங்களுக்கு இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தின் ஒரு கறுப்பினக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டால்வொர்த்தைக் கண்டெடுத்தவர் பில் நன். அவர் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் வார ஏட்டில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பெரிய பத்திரிகைகள் திரும்பியும் பாராத கல்லூரிகளின் ஆட்டக்காரர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து எழுதிவந்தவர்; அந்த அறிவுக்காகவே ஸ்டீலர்ஸ் நிர்வாகம் அவரை ஆட்டக்காரர்களைத் தேடும் பணிக்கு அழைத்துக்கொண்டது. ஈர மைதானத்தில் ஓடிக்காட்டிய ஸ்டால்வொர்த்தை மற்றக் குழுக்களின் ஆட்கள் மட்டமாகக் குறித்துக்கொண்டு புறப்பட்டுவிட, நன் மட்டும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி ஊரில் தங்கி, மறுநாள் வேறு தரையில் ஓடவிட்டுப் பார்த்தார் என்ற கதை அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. 1974இல், கல்லூரி ஆட்டக்காரர்களைக் குழுக்கள் சுற்றுமுறையில் தேர்ந்தெடுத்தபோது, முதல் சுற்றில் ஸ்வானையும் நான்காம் சுற்றில் ஸ்டால்வொர்த்தையும் எடுத்தார்கள். சிறுபான்மையினர் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிய கதை இது என்பதைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தாருக்கு எடுத்துச் சொன்னால் மகிழ்வேன்.

அதே 1974இல்தான் நம் பினாங்குக் குழு பேராக்கை வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அந்தக் குழுவின் முன்வரிசையில் ஆடிய இசா பக்கார், சஹாருடின் அப்துல்லா ஆகிய இருவரையும் பற்றி இன்றும் ஆயர் ஈத்தாம் தேத்தண்ணிக் கடைகளில் பேசும் கிழவர்கள் இருக்கிறார்கள். யார் எத்தனை கோல் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முறைப்பார்கள். பூப்பந்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ராசிப், ஜலானி சகோதரர்களில் யார் எத்தனை முறை அடித்தார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. இரண்டு பெயருக்கும் சேர்த்து ஒரே புள்ளி. அமெரிக்கக் காற்பந்தின் கணக்கேடு அப்படி அமைந்திருந்தால் தங்கள் பட்டியலும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபம் உள்ளது. ஆண்டுக்கு ஆண்டு இருவர் பெயரும் பேசப்படும். இருவரும் வெளியே நிற்பார்கள். ஒருவர் வாக்கை மற்றவர் பிரிக்கிறார் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள். கடைசியில் 2001இல் ஸ்வானுக்குக் கதவு திறந்தது. மேடையில் தம்மை அறிமுகப்படுத்தும் உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். அவர் அழைத்தது ஸ்டால்வொர்த்தை. மறு ஆண்டு ஸ்டால்வொர்த்தும் உள்ளே போனார்.

பொறியாளர் நாடு திரும்பும்போது பாசடீனா ஆட்டத்தின் கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பது ஆண்டுகளாக அது என் அலமாரியில் இருக்கிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. போன மாதம் மெல்லிய துணியால் துடைத்து வைத்தேன். பேரன் கைத்தொலைபேசியிலேயே அதைக் காட்டுகிறேன் என்கிறான். எனக்கு அந்தக் கேசட்டையே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்க முறைக் கேசட்டை ஓட்டக்கூடிய பழைய வீடியோ டெக், பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ வாசகர் யாரிடமாவது இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பழுதுபார்ப்பாளர்,
பாயான் பாரு, பினாங்கு.