தனியா இருக்கிற மாப்ளைக்கு ஒரு சமையல் கடுதாசி

டேய் மாப்ள,

நேத்து நைட்டு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பொண்ணுக்கு ஆம்பளப் பையன் பொறந்திருக்கான்னு சொன்னதும் அவ்ளோ சந்தோஷம்டா, தாத்தா ஆயிட்ட! உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி மாதிரி, அமெரிக்காவுலயே ஆறு மாசம் இருந்து பேரனக் குளிப்பாட்டிப் பாத்துக்கிட்டு நிதானமா வரட்டும். ஆனா நீ திருச்சில ஒத்தையில உக்காந்துக்கிட்டு மூணு வேளையும் மெஸ்ஸு சாப்பாடு, வயிறு கெட்டுப்போச்சு, "ஒரே ஒரு ஆளுக்கு யாருடா அடுப்பு பத்த வைக்கிறது"ன்னு சொன்ன பாரு, அதான் எனக்குப் பொறுக்கல. அதுக்குத்தான் இந்த நீள லெட்டர். போன்ல சொன்னா பாதியில ஆங் ஆங்னு சொல்லிட்டு வெச்சிடுவ, எழுதி வெச்சா கிச்சன்ல பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்துப் பண்ணலாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தனக்குன்னு மட்டும் சமைச்சுக்கறது வீண் வேலைன்னு நெனைக்காத. வீட்ல நாலு பேரு இருந்தா ஒருத்தருக்குக் காரம் கூடாது, ஒருத்தருக்குப் பூண்டு ஆகாது, ஒருத்தர் கத்திரிக்காயத் தொடமாட்டாரு, இது எல்லாத்தையும் அனுசரிச்சுத்தான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க இத்தன வருஷமா சமைச்சிருக்காங்க, அவங்க நாக்குக்குப் புடிச்ச மாதிரி ஒரு நாள் சமைச்சுக்க வாய்க்கிறதே அபூர்வம். உனக்கு இப்போ அது வாய்ச்சிருக்கு. புளிப்பு தூக்கலா வேணுமா போட்டுக்கோ, மிளகு இன்னும் ஒரு சிட்டிகை வேணுமா இடிச்சுப் போடு, யாரும் கேக்கப் போறதில்ல.

எனக்கு இந்தக் கிறுக்கு எப்போ ஆரம்பிச்சதுன்னு உனக்குத் தெரியும். ராயபுரத்துல எங்க அம்மாவுக்குப் பொம்பளப் புள்ள கிடையாது, மூத்தவன் நான், அதனால ஸ்கூல் விட்டு வந்தா அம்மியில தேங்கா அரைக்கிறது என் டூட்டி. கொழவிய இழுக்கிறப்போ வர்ற அந்த சீரகமும் தேங்காயும் கலந்த வாசனை இருக்கே, அதுக்காகவே நான் வெளையாடப் போகாம உக்காந்திருப்பேன். அப்புறம் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருந்தப்போ, ரூம்ல சமைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தும் பம்ப் ஸ்டவ்வ கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தோமே, ஞாயித்துக்கெழம ஜாம் பஜார்ல போய் காய் வாங்கிட்டு வந்து மொட்ட மாடி தண்ணி டேங்குக்குப் பின்னாடி வெச்சு சாம்பார் பண்ணுவோம், வாசனை புடிச்சு மூணாவது மாடிப் பசங்க எல்லாம் தட்டத் தூக்கிட்டு வந்துடுவாங்க. காசி விநாயகா மெஸ் டோக்கன், ரத்னா கஃபேல சாம்பார்ல முங்கின இட்லி, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த டேங்குக்குப் பின்னாடி தின்ன சோறுதான் எனக்கு இன்னிக்கும் பெருசு.

சரி, விஷயத்துக்கு வரேன். ரசத்துல ஆரம்பி. அரை நெல்லிக்கா அளவு புளி எடுத்து வெந்நீர்ல ஊறப்போடு. மிளகு அரை ஸ்பூன், சீரகம் முக்கா ஸ்பூன், தோலோட நாலு பல்லு பூண்டு, இத மிக்ஸில போடாத, சின்ன உரல்ல ஒண்ணு ரெண்டா இடி. நல்லாப் பழுத்த தக்காளி ஒண்ண கையால பெசஞ்சு புளித்தண்ணில விடு, மஞ்சள், உப்பு, கொத்தமல்லித் தண்டு (தண்டுலயும் நல்ல வாசனை இருக்கு, எல்லாரும் அத வெட்டிக் குப்பையில போடறாங்க), ஒன்றரை டம்ளர் தண்ணி. பச்சை வாசன போற வரைக்கும் சின்னத் தீயில கொதிக்கட்டும். அதுக்கப்புறம் இடிச்சது போட்டு இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு அங்கயே நில்லு, டிவி பாக்கப் போயிடாத. முதல்ல பாத்திரத்து ஓரத்துல மட்டும் வெள்ளையா நுரை கட்டும், அப்புறம் அது மெதுவா நடுவுக்கு வந்து மேல மூடும், மூடி ஒரு எழும்பு எழும்பும் பாரு, கொப்புளம் வெடிக்கிறதுக்கு முன்னாடியே அடுப்ப அணைச்சிடு. அதுக்கு மேல கொதிச்சா மிளகு வாசன எல்லாம் ஆவியோட போயிடும், கசப்புதான் மிஞ்சும். நெய்யில கடுகு, ஒரு மிளகா, கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டி ஒடனே மூடு.

பெருங்காயம் மட்டும் கட்டியா வாங்கு. டப்பாத் தூள்ல மாவு ஜாஸ்தி கலந்து வரும், அதனால எவ்ளோ போட்டாலும் வாசன தூக்காது. கட்டில பட்டாணி அளவு கிள்ளி நெய்யில பொரிச்சா தெரு முனை வரைக்கும் மணக்கும். உங்க வீட்ல உங்க அம்மாவோட ஈயச் சொம்பு பரண்ல கெடக்குன்னு சொல்லுவியே, அத எறக்கு. அது வெள்ளீயம், 232 டிகிரியிலயே உருகிடும், அதனால வெறும் சொம்ப அடுப்புல வைக்கவே கூடாது, ரசத்த ஊத்திட்டு அப்புறந்தான் வைக்கணும், தாளிக்கிறது தனிக் கரண்டியில. உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு நூறத் தாண்டாது, சொம்புக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது வத்தக் கொழம்பு. தனியா இருக்கிறவனுக்கு இதவிட உபகாரமான கொழம்பு வேற இல்ல, ஏன்னா ஒரு நாள் வெச்சா மூணு நாலு நாளைக்குக் கெடாது, அதுவும் ரெண்டாம் நாள்தான் ருசியே. நல்லெண்ணெய் தாராளமா நாலு ஸ்பூன், கஞ்சத்தனம் பண்ணாத. கடுகு, வெந்தயம், கொஞ்சம் துவரம்பருப்பு, அப்புறம் சுண்டக்கா வத்தல். வத்தல் கருக்கக் கூடாது, உப்பிக்கிட்டு பழுப்பாகும், அதுதான் பதம். உரிச்ச சின்ன வெங்காயம் ஒரு கையளவு போட்டு வதக்கு. தீயக் கொறைச்சுட்டு சாம்பார் பொடி ஒன்றரை ஸ்பூன் எண்ணெய்லயே போட்டு ஒரு பெரட்டு பெரட்டினதும் எலுமிச்ச அளவு புளியக் கரைச்சு ஊத்து. கொதிச்சுக் கொதிச்சு பாதியா சுண்டி, எண்ணெய் மேல பிரிஞ்சு நிக்கணும். கடைசியில சுண்டு விரல் நுனி அளவு வெல்லம். இதுக்குச் சுட்ட அப்பளமே போதும், பொரியல் தேட வேண்டாம்.

சோறு மிச்சமாகுதுன்னு சொன்ன. ஆகட்டுமே. ராத்திரி அதுல தண்ணி ஊத்தி மூடி வை, காலையில உப்பு போட்டு, மோர் விட்டு, நாலு சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டுச் சாப்டு, வயிறு தானா சரியாயிடும். நேத்து வெச்ச வத்தக் கொழம்பு கொஞ்சம் தொட்டுக்கிட்டா போதும், ஓட்டல் டிபன் பக்கமே போக மாட்ட. இப்போ ஆடி மாசம் வேற, எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க, முந்தின நாளே கேவுரு (கேழ்வரகு) மாவக் கரைச்சுப் புளிக்க வெச்சு, நொய்யரிசி வேக வெச்சுக் கிண்டி, பெரிய அண்டாவுல இருந்து சொம்பு சொம்பா ஊத்துறாங்க, கூடவே முருங்கக்கீரையும் கருவாட்டுக் கொழம்பும். வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சேன். கூழையும் பழைய சோத்தையும் ஏழைச் சாப்பாடுன்னு தள்ளி வெச்சோமே, இந்த வெயில் ஊருக்கு அதவிடப் பொருத்தமா ஒண்ணு சொல்லு பாப்போம்.

மீன் கொழம்பு பத்தி எழுதாம எப்படி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போகாது, அந்த 61 நாளும் நாட்டுப் படகுக்காரங்க கொண்டு வர்றதுதான், வெல ஏறிக் கெடக்கும். இப்போ எல்லாம் வந்துடுச்சு. போன ஞாயிறு காலையில நொச்சிக்குப்பம் போயி சங்கரா அரைக் கிலோ வாங்கினேன், செவுளத் தூக்கிப் பாத்தா ரத்தச் செவப்பு. கொழம்புல ரெண்டே ரெண்டு விஷயந்தான்டா. ஒண்ணு, கொழம்பு முழுசா கொதிச்சு எண்ணெய் பிரிஞ்ச பின்னாடிதான் மீனப் போடணும், போட்டா ஏழெட்டு நிமிஷம் அவ்ளோதான். ரெண்டு, மீன் போட்டப்புறம் கரண்டிய உள்ள விடாத, சட்டிய ரெண்டு பக்கமும் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்தி விடு. எங்க அம்மா மாங்கா ஒரு துண்டு கூடப் போடுவாங்க, புளியக் கொறச்சுக்குவாங்க. உங்க ஊர்ல கெண்டையோ விராலோ கெடைக்கும், ஆத்து மீனுக்குப் பூண்டும் மிளகும் கொஞ்சம் கூடுதலாப் போடு. மண்சட்டி ஒண்ணு வாங்கிக்கோ, சின்னதா.

அப்புறம் வடகறி. இது எங்க ஊரு சொத்து, சைதாப்பேட்ட மாரி ஓட்டல் வடகறிக்குன்னே எங்கெங்கோ இருந்து வருவாங்க. மொறையா செஞ்சா கடலப்பருப்ப ஊற வெச்சு சோம்பு, மிளகா சேத்துக் கொரகொரன்னு அரைச்சுப் பொரிச்சு உதுக்கணும். நீ தனி ஆளு, உனக்கு அது வேணாம். சாயங்காலம் டீக்கடையில நாலு மசால் வட வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடு, மொதல் நாள் மிஞ்சின வடைய வீணாக்காமப் பண்ணதுதான்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. காலையில பட்ட, கிராம்பு, சோம்பு தாளிச்சு, வெங்காயம் தக்காளி நல்லா மசிய வதக்கி, மிளகாத்தூள் மல்லித்தூள் போட்டுத் தண்ணி ஊத்திக் கொதி வந்ததும் வடைய உதுத்துப் போடு. வட தண்ணியக் குடிச்சுக்கும், அதனால கொழம்பு தளரத் தளர இருக்கிறப்பவே போட்டுடணும். இட்லி மாவு இப்போதைக்குக் கடையில வாங்கிக்கோ, உப்பு போடாத மாவாப் பாத்து வாங்கு.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, சமையல் தெரிஞ்சது எனக்கு எத்தனையோ நேரத்துல கை குடுத்திருக்குடா. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி சைதாப்பேட்டையில தம்பி வீட்டுக்குள்ள தண்ணி வந்து, அவன் குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரங்களும் நனஞ்ச துணியோட எங்க வீட்டுக்கு வந்து நின்னாங்க. கரண்ட் இல்ல, மிக்ஸி ஓடாது, கடை எதுவும் தொறக்கல. அம்மாவோட அம்மி பால்கனியில சும்மா கெடந்துச்சு, அதக் கழுவி மல்லி மிளகா வறுத்து அரைச்சு, வீட்ல இருந்த பருப்பையும் அரிசியையும் ஒண்ணாப் போட்டு பெரிய சட்டியில சாம்பார் சாதம். மெழுகுவத்தி வெளிச்சத்துல கொழந்தைங்கல்லாம் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்டுச்சு. ரிட்டயர் ஆனப்போ ஆபீஸ்ல சால்வ போத்தினாங்களே, அத விட அந்த ராத்திரி எனக்கு நெறைவா இருந்துச்சு.

நீ ஒண்ணு பண்ணு. தங்கச்சி பண்ற மோர்க் கொழம்பு எனக்கு ரொம்பப் புடிக்கும், அதுல என்ன அரைச்சு விடறாங்கன்னு வீடியோ கால்ல கேட்டு, நீயே ஒரு வாட்டி பண்ணிப் பாத்துட்டு அளவு எழுதி அனுப்பு. அவங்களுக்கும் நீ கேக்கறியேன்னு சந்தோஷமா இருக்கும். மோர் ஊத்தினதும் கொதிக்க விடாம எறக்கிடு, இல்லன்னா திரிஞ்சிடும், அது மட்டும் எனக்குத் தெரியும். அப்படியே மணப்பாறை முறுக்கு ஒரு பாக்கெட்.

சாம்பார் பொடி போன வாரந்தான் அரைச்சேன், அரைக் கிலோ உனக்கு கூரியர்ல போட்டிருக்கேன், ரெண்டு நாள்ல வரும். மல்லி, மிளகா ரெண்டும் சரி பங்கு, கலருக்கு நீட்டு மிளகா, காரத்துக்கு ராமநாதபுரம் குண்டு, அப்புறம் துவரம்பருப்பு, கடலப்பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள். மாடியில வெயில்ல காய வெச்சு, மில்லுல நானே நின்னு அரைச்சு, சூடு ஆற பேப்பர்ல பரப்பி வெச்சுத்தான் கட்டினேன், சூட்டோட மூடினா பொடி கட்டி தட்டி வாசன போயிடும். வந்ததும் ரெண்டாப் பிரிச்சு, பாதிய ஃப்ரிட்ஜ்ல வெச்சிடு, பாதி வெளிய கண்ணாடி பாட்டில்ல. ஈரக் கரண்டி மட்டும் போடாத. ரசம் வெச்சதும் போட்டோ அனுப்பு, நுரை எப்படி வந்துச்சுன்னு பாக்கணும்.

உன்
மேன்ஷன் மாப்ள
திருவல்லிக்கேணி, சென்னை