மேனிஃபோல்டுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

நான் கட்டிவரும் விமானத்தின் எஞ்சின், நானே செய்த மேனிஃபோல்டோடு (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்) நேற்று மாலை ஓடியது. நான்கு சிலிண்டரும் சேர்ந்து, ஐட்லிங்கில்கூட இடறாமல் ஓடியது. இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பழைய மேனிஃபோல்டுக்கு என்ன ஆனது, அப்புறம் இந்த ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) என்னவெல்லாம் நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினை விமானத்தில் வைக்கிற பலருக்கும் வரும் சிக்கல்தான் எனக்கும். பெட்ரோல் பம்ப் இல்லாமல் தானாக இறங்கி வர வேண்டும் என்பதால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கீழே தொங்கவிடுகிறோம். கலவை உள்ளே போகிற வாயோ சிலிண்டர் ஹெட்டின் மேல்பக்கம் இருக்கிறது. குழாய் கீழிருந்து கிளம்பி, எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் கம்பிகளுக்கு இடையே புகுந்து, இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் ஏற வேண்டும். கடையில் கிடைத்த எதுவும் என் மவுண்டுக்குள் நுழையவில்லை. நானே செய்வது என்று முடிவானபோதுதான் ஊருக்குள் இருக்கும் அந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

இது அமெரிக்காவின் விஸ்கான்சின், பால்பண்ணைகள் நிறைந்த மாநிலம். பட்டறையை நடத்தும் அம்மாவுக்கு வேலையே பால்பண்ணைகளுக்கு ஸ்டெயின்லெஸ் குழாய் போடுவதுதான். விமானத்தைப் பற்றி அவருக்கு எந்த ஆர்வமும் இல்லை. வளைந்த குழாய் நாலு வாங்கிக்கொண்டு, பற்றவைத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். வரைபடத்தைப் பார்த்தார். "காற்று வடிகட்டி எங்கே வரும்?" என்று கேட்டார். கார்புரேட்டருக்கு முன்னால் என்றேன். "அப்போ இந்தக் குழாய்க்குள் ஏதாவது உதிர்ந்தால் தடுக்க ஒன்றும் இல்லை, நேராக எஞ்சினுக்குள் போய்விடும், இல்லையா?" என்றார்.

மேசையில் அவர் அன்றைக்கு முடித்து வைத்திருந்த வேலை ஒன்று இருந்தது. யாருக்கோ கொடுக்க வேண்டிய குழாய். அதை எடுத்துப் போய், பேண்ட்சா ரம்பத்தில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டார். நான் பதறிப்போனேன். அவர் நிதானமாக உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளியாக, விரலால் தடவினால் இணைப்பு எங்கே என்று தெரியாத அளவுக்கு வழவழப்பு. அப்புறம் ஒரு துண்டுக் குழாயை, உள்ளே ஆர்கான் வாயு (சூடான உலோகத்தில் காற்று படாமல் காப்பது) விடாமல் வேண்டுமென்றே பற்றவைத்து, அதையும் பிளந்தார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். உள்ளே, அடுப்பில் தீய்ந்த சர்க்கரை மாதிரி கறுத்துப் பொரிந்து கிடந்தது. நகத்தால் கீறினார், பொடி உதிர்ந்தது.

பால் போகிற குழாயின் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் அதில் பால் தங்கிக் கிருமி வளரும். அதனால் இரண்டு முனையையும் அடைத்து, உள்ளேயும் ஆர்கானை நிரப்பிவிட்டுத்தான் அவர்கள் வெல்டிங் டார்ச்சையே தொடுவார்கள். அந்தப் பழக்கம் எனக்கு இப்படி உதவும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பற்றவைத்துத் தர மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இதை வைத்துப் பறக்கப் போவது நீங்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்று சொல்லி, ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துண்டுகளைக் காரில் ஏற்றிவிட்டார். பணப் பேச்சையே எடுக்க விடவில்லை. பிளந்த குழாய்க்குப் பதிலாக அன்று மாலை அவர் இன்னொன்று செய்திருக்க வேண்டும். யார் என்றே தெரியாத ஒருவனுக்காக! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பற்றவைக்கும் சூட்டில் ஃபிளேஞ்ச் (குழாயை எஞ்சினோடு முடுக்கும் தட்டு) கோணிக்கொள்ளாமல் இருக்க, கனத்த இரும்புத் தகட்டில் துளை போட்டுக் கொடுத்த எதிர் ஹேங்கர் நண்பருக்கு. சாதாரண சிலிக்கான் ஹோஸ் பெட்ரோல் பட்டால் ஊதிவிடும், ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு உள்ளதைப் போடு என்று தடுத்தவருக்கு. சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பார்க்கையில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டே நின்ற என் மனைவிக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் வந்து பார்த்துவிட்டுப் போன ஈஏஏ தொழில்நுட்ப ஆலோசகருக்கு. 1953இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னியும் நண்பர்களும் தொடங்கிய, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கம்தான் ஈஏஏ. இன்றும் அதன் ஆலோசகர்கள் சம்பளம் வாங்காமல்தான் அடுத்தவர் கட்டும் விமானத்தைப் பார்க்க வருகிறார்கள்.

இனி எஃப்ஏஏ (அமெரிக்க அரசின் விமானத் துறை) பரிசோதனை, அதற்கப்புறம் சோதனைப் பறத்தல். அதில் எது எப்படிப் போனாலும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாக்கில் இன்னும் துண்டுகள் மீதம் இருக்கின்றன, ஆர்கான் சிலிண்டரும் என்னிடம் இருக்கிறது. இன்டேக் குழாய் செய்யப் போகிறவர் யாராக இருந்தாலும் சனிக்கிழமை காலையில் ஹேங்கருக்கு வாருங்கள். நான் பற்றவைத்ததில் ஒன்றை உங்கள் முன்னால் பிளந்து காட்டுகிறேன், அப்புறம் நீங்கள் பழகிப் பாருங்கள்.